எண்ணூற்றுப் பன்னிரண்டாவது வரி

நாற்பத்தோராவது வரியை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் குகநேசன் கண்டான், தர்மினி வந்துவிட்டாள். இன்றைக்கு வரமாட்டாள், வரமாட்டாள் என்று நாற்பது வரிகளாக நம்பிக்கொண்டிருந்தவன். கதவில் தொங்கிய கறுப்புத் துணியை ஒதுக்கி, வெளியே கொளுத்திய இரண்டரை மணி வெயிலைப் பாயளவு உள்ளே விட்டு, குடையை மடக்கி, ஒருவரையும் இடிக்காமல் நடந்து, மூன்றாம் வரிசையில் இடப்பக்கம் தன் வழமையான கதிரையில் போய் இருந்தாள். அந்தக் கதிரையில் இன்றைக்கென்று பார்த்து ஒருத்தரும் இருக்கவில்லை. இலவசமாகப் படம் காட்டினால் யாழ்ப்பாணத்துச் சனம் முண்டியடிக்கும் என்று எவன் சொன்னான்? நாற்பத்திரண்டு. அழுத்தினான். அவன் வேலை அவ்வளவுதான். திரையில் போலந்துக்காரர் வாயைத் திறக்க, பின்வரிசை மேசையில் மடிக்கணினியோடு இருக்கிற இவன் அதன் விசைப்பலகையின் நீளக் கட்டையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் இரண்டாவது புரொஜெக்டர், திரைக்குக் கீழே கட்டியிருக்கிற வெள்ளைச் சீலைத் துண்டில் தமிழ் வரி ஒன்றை எறியும். இன்னொரு தட்டு, அடுத்த வரி. மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினேழு வரிகள். படத்தோடு எழுத்தைச் சேர்த்து ஒட்டுகிற வசதி சனிக்கிழமைப் படவட்டத்திடம் இல்லை. இருந்த வசதி குகநேசன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன், படத்துக்கு வந்த ஆங்கில வசனப் பட்டியலைப் பார்த்துத் தமிழில் எழுதுவான், வாடகைக்கு எடுத்த இந்த ரியூசன் மண்டபத்தில் வேர்த்து வழிந்துகொண்டு தட்டுவான். கமலேஸ் அண்ணை, படவட்டத்துக்குத் தலைவரும் செயலாளரும் கதிரை அடுக்குபவரும் அவரே, படத்தின் பெயரை முன்னுரையில் மூன்று தரம் மூன்று விதமாக உச்சரித்தார். நோட்டீசில் புத்திசாலித்தனமாகப் ‘போலந்துப் படம்’ என்று மட்டும் அடித்திருந்தார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘தமிழ் வரிகள்: சி. குகநேசன்’. அந்தச் சின்ன எழுத்தைத் தர்மினி வாசித்திருப்பாள். அவள் எழுத்து என்று எதைக் கண்டாலும் வாசிப்பவள்.

வந்திருந்த முப்பத்தைந்து பேரில் முப்பத்து நாலு பேருக்கு இவன் எழுத்து ஓர் உதவி, அவ்வளவுதான். தர்மினிக்கு எழுத்துத்தான் படம். சண்டையின் கடைசி மாதத்தில் பதுங்குகுழி வாசலில் விழுந்த ஷெல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் குயிலும் இல்லை, குண்டும் இல்லை. கமலேஸ் அண்ணையிடம் அவள் முதன்முதல் வந்து சொன்னது இவனுக்கு நல்ல ஞாபகம். “தமிழ்ப் படத்துக்கு ஆரும் தமிழ் எழுத்துப் போடுறேல்லை அண்ணை. வெள்ளைக்காரன்ர படந்தான் எனக்கு முழுசா விளங்குது.” கேட்டவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், இவன் மட்டும் வயரைச் சுற்றுகிற சாட்டில் குனிந்துகொண்டான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. முன்னால், ஓய்வுபெற்ற நிலஅளவையாளர் சிவப்பிரகாசத்தார் கண் மங்கிய மனைவிக்காக ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். ‘ஹலினா, ஆறு உறைந்துவிட்டதா?’ ‘இன்னும் இல்லை.’ தான் எழுதிய வசனத்தை இன்னொருவர் குரலில் அரை நொடி பிந்திக் கேட்பது இவனுக்கு எப்போதும் கூச்சம். இன்றைக்கு அது கூச்சமில்லை, பயம். எண்ணூற்றுப் பன்னிரண்டாவது வரியையும் மனிசன் இப்படித்தானே வாசிக்கப் போகிறார், மண்டபத்துக்கே கேட்க.

அந்த வரியில் குகநேசன் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறான். படத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. யானெக் என்று ஒருவன், ஹலினா என்று ஒருத்தி, இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆறு. பட்டணத்தில் ஆட்களைப் பிடித்து ரயிலில் ஏற்றுகிறார்கள். விடிவதற்குள் குதிரை வண்டியோடு வந்து உன்னை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்கிறான் யானெக். அவள் ஒரு துணிமூட்டையோடு தேவாலயச் சுவரடியில் நிற்கிறாள். அவன் வரவில்லை. விடிகிறது, பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவள் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அவன் சூப் ஊற்றி வைக்கிறான். அவள் ஒரேயொரு கேள்வி கேட்கிறாள்: ‘அன்றைக்கு ஏன் வரவில்லை?’ அவன் சொல்கிறான்: ‘பாலம் உடைந்திருந்தது.’ பாலத்தைப் படத்தில் ஒரு தரமும் காட்டுவதில்லை, எங்கும் ஒரே பனிமூட்டம். உடைந்திருந்ததா இல்லையா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முதல் தரம் பார்த்தபோது குகநேசன் அதை நம்பினான், பாவம் பெடியன் என்று இரங்கக்கூடச் செய்தான். ஐந்தாம் தரம் பார்த்தபோதுதான் அந்தக் குரல் பிடிபட்டது. போலிஷ் தெரியாதவனுக்குப் பொய் மட்டும் எப்படிப் பிடிபட்டது? பாம்பின் கால் பாம்பறியும். முந்தாநாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, எண்ணூற்றுப் பன்னிரண்டை அழித்துவிட்டு, கை தன்பாட்டில் எழுதியதுபோல இப்படி எழுதினான்: ‘பாலம் நன்றாகத்தான் இருந்தது. ஊர் சிரிக்கும் என்று பயந்து நான்தான் வரவில்லை. என்னை மன்னியும்.’ மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, என்னப்பா இவ்வளவு நேரமாத் திருத்துறியள் என்று கேட்டாள். ஒரு வரி நீளம் கூடிப்போச்சு என்றான். படம் முழுக்க யானெக் ஹலினாவை நீ என்றுதான் பேசுகிறான். அந்த ஒரு வரியில் மட்டும் நீர். தர்மினியை இவன் ஒரு காலத்தில் நீர் என்றுதான் சொல்வான். அவள் கண்டுபிடிப்பாள். இந்த மண்டபத்தில் போலிஷ் தெரிந்த ஒரு குருவி இல்லை. யாரும் பிடிக்க மாட்டார்கள், அவள் மட்டும் பிடிப்பாள். அப்படித்தான் யோசித்தான். முந்தாநாள் அது ஒரு தைரியம் போல இருந்தது. நூற்று முப்பது. இன்றைக்கு அவள் தலையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுத்தவன் வாய்க்குள் ஒளித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற களவு போல இருந்தது.

யானெக்கின் அம்மா ரொட்டி வெட்டுகிறாள். மூன்று வரி, சின்ன வரிகள், தட்டு தட்டு தட்டு. குகநேசனின் அம்மா ரொட்டி வெட்டவில்லை, கூழ் காய்ச்சியிருந்தாள், ஆடி முதலாம் நாள், பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் பயறும் போட்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன், வன்னியில், வட்டக்கச்சி வீட்டு முற்றம் முழுக்க அந்த வாசம். அப்போதுதான் தர்மினி சைக்கிளில் வந்தாள். கைப்பிடியில் ஒரு சொப்பிங் பை தொங்கியது. அதற்குள் மஞ்சள் கயிறு, ஒரு துண்டு மஞ்சள் கட்டி, கற்பூரம், இரண்டு வாழைப்பழம். தானே கடையில் வாங்கிக்கொண்டு தானே வந்திருந்தாள், இருபத்தொரு வயதுப் பிள்ளை, தாலிக்கயிற்றைத் தன் கையாலேயே கொண்டுவந்து ஒரு பெடியன் வீட்டு முற்றத்தில் நின்றது. அப்படி ஒரு காலம். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. குகநேசன் வீட்டில் அண்ணன் போய் மாவீரனாகிப் படமாகத் தொங்கினான், அதனால் இவனை யாரும் தொடமாட்டார்கள். தர்மினி வீட்டில் அவளும், எட்டு வயதில் ஒரு தம்பியும். கலியாணம் கட்டினதுகளை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு கதை நடந்தது. கதை உண்மையாகவும் இருந்தது, ஊரில் கிழமைக்கு நாலு தாலி ஏறிற்று. “ஐயரோட கதைச்சிட்டன். பிள்ளையார் கோயில் கதவைத் திறந்து விடுவாராம். அஞ்சு நிமிச வேலை. வெளிக்கிடுங்கோ நேசன்.” வெளிக்கிடுங்கோ. சந்தைக்குப் போகக் கூப்பிடுகிறது போலச் சொன்னாள். குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. அப்போது அவளுக்குத் தன் குரல் நடுங்குவது கேட்டிருக்கும். அம்மா அகப்பையோடு வெளியே வந்தாள். “ஆடியில தாலி கட்டினா விளங்குமே பிள்ளை? ஆவணி பிறக்கட்டும். கூழ் ஆறுது, முதல்ல இதைக் குடி.” பிலாவிலையைக் கோலிக் குத்தி, கூழை வார்த்துக் கையில் கொடுத்தாள். தர்மினி கூழைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தாள். இவன் சொன்னான்: “அம்மா சொல்லுறது சரிதானே. ஆவணி ஒண்டாந் திகதியே வைப்பம். முப்பது நாள், கண்ணை மூடி முழிக்கப் போயிடும். நீர் பயப்பிடாதையும்.” அவள் நின்றபடி கூழைக் குடித்தாள். முழுவதையும் குடித்து, இலையை எறியாமல் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சரி என்றாள். சொப்பிங் பையைத் திரும்பவும் கைப்பிடியில் கொழுவினாள். வாழைப்பழத்தை மட்டும் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள், கறுத்துப்போயிடும் மாமி என்று.

“எழுத்து! தம்பி, எழுத்து!” சிவப்பிரகாசத்தார் திரும்பிக் கத்தினார். திரையில் ஹலினா பேசி முடித்து யானெக் பேசிக்கொண்டிருந்தான், சீலையில் இன்னும் ரொட்டி நின்றது. தட்டு தட்டு தட்டு, நாலு வரியை ஓடவிட்டு, காதைத் தீட்டி, ‘நியே’ என்கிறாளா, நியே என்றால் இல்லை, ஆ, இருநூற்றெட்டு, பிடித்துவிட்டான். தர்மினி அசையவில்லை. எழுத்து நின்றால் அவள் பொறுமையாகக் காத்திருப்பாள், வரும் என்று. மற்றவர்களுக்குக் குரலாவது கேட்கும். ஓடவிட்ட அந்த நாலு வரியையும் அவள் வாசித்திருப்பாளா? வாசித்திருக்க முடியாது. அதில் ஒன்று நல்ல வரி. ‘உன் கை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது’ என்று ஹலினா கேட்பது. அதை எழுத இவன் அரைமணித்தியாலம் மினக்கெட்டவன். அவள் கையைப் பிடித்த ஞாபகம் இவனுக்கு இருக்கிறதா என்றால் இல்லை, பிடித்ததேயில்லை. சைக்கிள் கைப்பிடியில் அவள் கைக்குப் பக்கத்தில் இவன் கை இருந்தது, ஒரு சாண் இடைவெளி. அவ்வளவுதான் காதல். ஆடி பத்தொன்பதில் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரியூசன் வகுப்புக்குப் போகிற வழியில், இன்னும் ஆறு பிள்ளைகளோடு. ஆவணிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆவணி ஒன்றும் வந்தது, விடிந்தது, வெயிலெறித்தது, அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஆனால் அம்மாவையும் ஆடியையும் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வது எவ்வளவு சுகம். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் நிற்கிறான். ஆடி என்ன செய்தது? குகநேசன் ஆடியை நம்புகிறவனா? ஆடி மாதத்தில் புதுச் சைக்கிள் வாங்கி ஓடினவன், அமாவாசைக்கு முட்டை பொரித்துத் தின்றவன். முந்நூற்று அறுபது. உண்மை வேறு, உண்மை இத்தனை சின்னன். நகத்துக்குள் போன ஊத்தையளவு. அந்த ஆடிக் கூழுக்கு மூன்று கிழமைக்கு முன்னால் வினோதனுக்குக் கலியாணம் நடந்தது. வினோதன் இவனோடு படித்தவன். மாப்பிள்ளைக்கு வேட்டி கிடைக்கவில்லை, பள்ளிக்கூடத்து வெள்ளைக் காற்சட்டையோடு நின்றான். பொம்பிளை அழுது முகம் வீங்கி இருந்தாள். இரண்டு பேரும் முதல்நாள் வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கண்டதில்லை. மேளமில்லை, படம் பிடிக்க ஆளில்லை, தேங்காயெண்ணெய் விளக்கு ஒன்று. கோயில் வாசலில் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்ற பெடியன்களுக்கு நடுவில் குகநேசன் சொன்னான்: “இது கலியாணமில்லையடா, காப்புறுதி. காப்புறுதிக் கலியாணம்.” வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு வினோதனுக்கும் கேட்டது. தாலிக்கயிற்றின் இரண்டாவது முடிச்சில் அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சொல் ஒரு கிழமையில் தருமபுரம் வரைக்கும் போய்விட்டது. யாருக்காவது அவசரத்தில் தாலி ஏறினால், ஆ, இன்னொரு காப்புறுதி என்றது ஊர். அவன் இத்தனை காலம் எழுதினதிலும் சொன்னதிலும் நாலு ஊருக்குப் பரவியது அந்த ஒரு சொல்தான். பிறகு தன் வீட்டு முற்றத்தில் சொப்பிங் பையோடு ஒருத்தி வந்து நிற்கும்போது அவனுக்கு முதலில் வந்த நினைப்பு என்ன? அவள் உயிர் இல்லை. அவள் நடுங்கிய குரல் இல்லை. பெடியன்கள் என்ன சொல்லப் போகிறார்கள். சொல்லைச் செய்தவனே அதில் போய் மாட்டினானாம் என்று கோயில் வாசலில் சிரிக்கப் போகிறார்கள். நாதஸ்வரத்தோடு, பட்டுவேட்டியோடு, வீடியோவோடு கட்ட வேண்டியவன், காற்சட்டையோடு நின்று கட்டுவதா? அம்மா ஆடியை எடுத்துக் கையில் கொடுத்தாள், இவன் வாங்கிக்கொண்டான். வாங்கும்போது ஓர் ஆறுதல் கூட வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும், இந்த மண்டபத்து இருட்டிலும், காது மடல் சுடுகிறது.

ஐந்நூற்றிரண்டு. ஹலினா ரயிலில். இங்கே வசனம் குறைவு, சக்கரச் சத்தம்தான் நீளத்துக்கு. விரலுக்கு வேலையில்லை. தர்மினிக்குச் சக்கரமும் இல்லை. அவளுக்கு இது சத்தமில்லாத ரயில், முகம் முகமாகப் போகிறது. ஒரு தரம், 2012இல், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இவன் அவளைக் கண்டான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது அந்த நொடியில்தான் தெரியும். முதுகுதான் தெரிந்தது, முதுகே போதும். “தர்மினி” என்று கூப்பிட்டான். அவள் நடந்தாள். “தர்மினி!” இரண்டாம் தரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. மூன்றாம் தரம் கத்தினான். அவள் மானிப்பாய் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். சரி, என் முகத்தில் முழிக்க அவளுக்கு விருப்பமில்லை என்று நினைத்தான். நினைத்ததும் நிம்மதியாக இருந்தது. என்ன மனிசன்! தண்டனை தந்துவிட்டாள், இனி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூன்று தட்டுச் சோறு தின்றான். அடுத்த வருடம்தான் யாரோ சொன்னார்கள், அவளுக்குக் காது கேளாது என்று. தின்ற சோறெல்லாம் அன்றைக்குத்தான் தொண்டையில் நின்றது. இப்போது அவள் கொம்யூனிகேசன் கடை ஒன்றில் மனுக்களும் விண்ணப்பங்களும் தட்டச்சு அடிக்கிறாள். பஸ் கொண்டக்டர் ஒருவரைக் கட்டியிருக்கிறாள், நல்ல மனிசனாம், முறைப்படி மேளத்தோடு கலியாணம் நடந்ததாம். அதைக் கேட்டபோது இவனுக்கு வந்தது சந்தோசம்தானா என்று தோண்டிப் பார்க்க இவன் துணியவில்லை. கண்டால் இரண்டு பேரும் தலையசைப்பார்கள். சுகமா இருக்கிறீங்களா? ஓம், நீங்கள்? நீர் போய் நீங்கள் வந்துவிட்டது. ஒரு நாளும் அவள் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆடி என்று சொல்லியிருப்பான். சொல்லிப் பழகின பொய், வாய்க்கு வழுக்கிக்கொண்டு வரும்.

எழுநூற்று எழுபது வந்ததும் கைக்கு வேர்த்தது. கட்டையில் விரல் வழுக்குகிறது, காற்சட்டையில் துடைத்தான். மேலே மின்விசிறி கிறிச் கிறிச் என்று தன் பாட்டில். திரைத்துணிக்கு மேலால் கரும்பலகையில் யாரோ எழுதி அழிக்காமல் விட்ட இரசாயனச் சமன்பாடு பாதி தெரிந்தது. இன்னும் நாற்பத்திரண்டு வரி. என்ன செய்யப் போகிறாய், நேசன்? தட்டினால் வரும். தட்டுவது ஒரு விரல் வேலை. அவள் வாசிப்பாள், திரும்பிப் பார்ப்பாள், அல்லது பார்க்கமாட்டாள். சிவப்பிரகாசத்தார் சத்தமாக வாசிப்பார், என்னை மன்னியும் என்று, அவருடைய காணி அளக்கிற குரலில். அவள் அவமானப்படுவாளா? முப்பத்தைந்து பேருக்கு நடுவில், காசு பணம் கேளாமல் அவளுக்குக் கிடைக்கிற ஒரேயொரு படத்துக்குள் இவன் தன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். அவள் படம் பார்க்க வந்தாள், உன் பாவமன்னிப்புக் கேட்கவா வந்தாள்? மன்னிப்புக் கேட்கிறவன் முன்னால் போய் நிற்க வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும். இது இருட்டில் பின்னால் இருந்து கல்லெறிகிற வேலை. எழுநூற்றுத் தொண்ணூறு. அப்போ தட்டாதே. தட்டாமல் விட்டால் அதுவும் பயம்தானே, அன்றைக்கும் தட்டாமல்தானே விட்டாய். எழுநூற்றுத் தொண்ணூற்றாறு. ஹலினா கதவைத் தட்டுகிறாள். அவள் முகம் ஒடுங்கிப் போயிருக்கிறது, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். அன்றைக்குப் பஸ் நிலையத்தில் தர்மினிக்கும் கட்டை மயிர்தான். எண்ணூற்று மூன்று, உள்ளே வா. எண்ணூற்று நாலு, இரு. யானெக் அடுப்படிக்குப் போகிறான், இரண்டு கோப்பை எடுக்கிறான், சூப் ஊற்றுகிறான், ஆவி பறக்கிறது. கூழ் ஆறுது, முதல்ல இதைக் குடி. அந்த வாசம் எங்கிருந்து வந்தது, பனங்கட்டி வாசம், இந்த மண்டபத்தில்? எண்ணூற்று ஒன்பது. எண்ணூற்றுப் பத்து. ஹலினா கரண்டியை எடுக்கவில்லை, அவனைப் பார்க்கிறாள். எண்ணூற்றுப் பதினொன்று. ‘அன்றைக்கு ஏன் வரவில்லை?’ சிவப்பிரகாசத்தார் வாசித்தார், அன்றைக்கு ஏன் வரவில்லை. யானெக் வாயைத் திறந்தான்.

குகநேசனின் விரல் கட்டைக்கு மேலே நின்றது. பிறகு அது பக்கத்தில் இருந்த இன்னொரு விசைக்குப் போனது, சீலையை வெறுமையாக்குகிற விசை. இடைவேளைக்கு மட்டும் பாவிப்பது. சீலை வெள்ளையாகிப் பளிச்சென்று நின்றது. யானெக்கின் உதடு அசைந்தது, நாலு சொல், போலிஷில், எல்லார் காதிலும் விழுந்து ஒருவருக்கும் விளங்காமல் போனது. சிவப்பிரகாசத்தார் வாயைப் பாதி திறந்தபடி இருந்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டுப் பதின்மூன்றைத் தட்டினான், ஹலினாவின் பதில். ‘அப்படியா? சூப் ஆறுகிறது, குடி.’ என்ன அப்படியா, எது அப்படியா என்று யாருக்குத் தெரியும். தர்மினி திரும்பினாள். முதலில் சீலையைப் பார்த்து, யானெக்கைப் பார்த்து, திரும்பவும் சீலையைப் பார்த்து, பிறகு முழு உடம்பையும் கதிரையில் திருப்பிப் பின்வரிசை மேசையைப் பார்த்தாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் முகத்தில் பாதியில் விழுந்தது. கையைக் கொஞ்சம் உயர்த்தி விரலை விரித்தாள், எங்கே என்று கேட்பது போல. குகநேசன் மடிக்கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். மற்ற எல்லாருக்கும் ஒரு வரி போனது. அவளுக்கு ஒரு மனிதனின் வாய் அசைந்து, ஒன்றுமே வராமல் போனது. வருவான் என்று நின்றவளை இரண்டாம் தரமும் சுவரடியில் நிற்க விட்டாயா நேசன், அதுவும் ஒரு விசைக்கு. மிச்ச முந்நூற்றுச் சொச்சம் வரிகளையும் அவன் ஒரு பிழையும் விடாமல் தட்டினான். அவ்வளவு சுத்தமாக அவன் ஒரு படத்துக்கும் தட்டியதில்லை.

விளக்கைப் போட்டதும் சனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பியது. கமலேஸ் அண்ணை யன்னல் துணிகளைக் கழற்றினார், நாலரை மணி வெயில் தூசியோடு உள்ளே வந்தது. சிவப்பிரகாசத்தார் மனைவிக்குச் செருப்பைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குகநேசன் வயரைச் சுற்றினான், சுற்றினதைக் கழற்றி இன்னொரு தரம் சுற்றினான். அவள் போய்விடுவாள், வழமையாக உடனே போகிறவள், நாலே முக்காலுக்குப் பஸ். நிழல் மேசையில் விழுந்தது. நிமிர்ந்தால் தர்மினி, குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

“அந்தச் சூப் குடிக்கிற இடத்தில அவன் என்ன சொன்னவன்?” என்று கேட்டாள். தன் குரல் தனக்குக் கேளாததால் அவள் எப்போதும் சத்தமாகத்தான் கேட்பாள், ஏற்ற இறக்கமில்லாமல். நாலைந்து பேர் திரும்பினார்கள். “எழுத்து வரேல்லை.”

“மெசின்,” என்றான் குகநேசன். “மெசின் கொஞ்சம் நிண்டுட்டுது.”

அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மெசினோ?”

“ஓம்.”

“சரி, இப்ப சொல்லுங்கோ. என்ன சொன்னவன்?”

மடிக்கணினி திறந்துதான் கிடந்தது. பட்டியலில் எண்ணூற்றுப் பன்னிரண்டு அப்படியே இருந்தது, திருப்பிக் காட்டினால் போதும், வாயே திறக்கத் தேவையில்லை. கை போனது. போய், மூடியைப் பாதி சாய்த்தது. “பாலம்,” என்றான். “பாலம் உடைஞ்சு போச்சாம். அதாலதான் வரேல்லையெண்டு சொன்னவன்.”

“ஆ?”

“பாலம். உடைஞ்சு. போச்சு.” ஒவ்வொரு சொல்லாக, உதட்டை விரித்து, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னான்.

தர்மினி சிரித்தாள். நல்ல சிரிப்பு, கோபம் ஒன்றுமில்லை. “பச்சைப் பொய். நான் முகத்தைப் பாத்தனான். எழுத்து வரேல்லையெண்ட உடன அவன்ர முகத்தைத்தானே பாக்க வேணும். கண்ணை ஒருக்கா சூப்புக்குள்ள விட்டு எடுத்தவன். நான் என்னவோ பெரிசா ஒண்டு சொல்லிப்போட்டானாக்கும் எண்டு அதையே யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன், பிறகு படம் ஒண்டும் விளங்கேல்லை.” குடையைக் கக்கத்தில் இடுக்கினாள். “அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சூப்பைக் குடி எண்டவள். அவ்வளவு தூரம் வந்திட்டு, பிறகு அதைக் கிண்டி என்னத்துக்கு?”

குகநேசன் மடிக்கணினியை முழுதாக மூடினான். வயர் கையில் இருந்தது.

“வாற சனிக்கிழமைப் படத்துக்கும் எழுத்து நீங்கள்தானோ?”

“ஓம்.”

“ஒண்டும் விடாமப் போடுங்கோ. பொய்யெண்டாலும் போடுங்கோ. பொய்யை நான் கண்டுபிடிச்சுக்கொள்ளுவன்.” தலையசைத்தாள், எப்போதும் போல. “அப்ப வரட்டே?” என்றுவிட்டுத் திரும்பினாள்.

திரும்பி, கதிரைகளுக்கு நடுவால் நடந்து, கதவடிக்குப் போய், குடையை வெளியே நீட்டி விரித்தாள். அவள் முகம் முற்றாக வெயில் பக்கம் போய்விட்டது என்று கண்ட பிறகுதான் குகநேசன் வாயைத் திறந்தான். அதுவரைக்கும் காத்திருந்தான். காத்திருந்தது தனக்கே தெரியும். “ஆடி இல்லை, தர்மினி,” என்றான். “ஆடி சாட்டு. அம்மாவும் சாட்டு. ஊர் சிரிக்குமெண்டு பயந்தனான். காப்புறுதியெண்டு அந்தச் சொல்லைச் சொன்னவன் நான்தான். நீர் கயிறோட வந்து நிக்கேக்க எனக்கு வெக்கமா இருந்தது. என்னை மன்னியும்.” குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சிவப்பிரகாசத்தாரின் மனைவி மங்கின கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவர் எதுவும் வாசிக்கவில்லை. கதவடியில் குடை ஒரு தரம் சரிந்து, நேராகி, படியிறங்கிப் போய்விட்டது.

கையில் இரண்டு கதிரையோடு கமலேஸ் அண்ணை வந்து நின்றார். “டேய் நேசன், ஆரோட கதைக்கிறாய்? அவவுக்குக் கேக்காதெல்லே?”

“தெரியும் அண்ணை,” என்றான் குகநேசன்.